தேங்காய் எண்ணெய் உறைந்த காலை

தேவசகாயம் கள்ளத்தனம் செய்யவில்லை. செய்தார் என்று எழுதி, அவர் வென்ற பந்தயத்தில் அவர் பெயரையே அடித்தது அநியாயம். அந்தக் கோடு நம் ரிமோட் கார் சங்கத்து நோட்டில் இன்றும் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா போயிட்டாவ" என்றாள். எந்த ஊருக்கு என்று கேட்டேன். அவள் அழுத பிறகும் எனக்கு விளங்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் அவர் என்னிடம், "இந்த மார்கழியில அவியளுக்குக் காட்டிருவோம் அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தார். முப்பது வருடம் நான் மன்றாடியும் மசியாதவர் அன்றைக்குத்தான் சம்மதித்தார். மார்கழிக்கு மூன்று வாரம் இருந்தது. இன்னும் போன் மணி அடித்தால் அவர்தான் என்று எடுக்கிறேன்.

சங்கத்தில் பின்னால் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவர் பிட்டர். நான் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரன். தொண்ணூறுகளின் தொடக்கம். வசதியானவர்கள் சிங்கப்பூரிலிருந்து தருவித்த ரிமோட் கார்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்மேடு கட்டி ஓட்டினார்கள். ஒருவர் உடைத்துப் போட்ட காரை நாங்கள் வாங்கிச் சரிசெய்தோம். ஓடியது. ஆனால் மேட்டைத் தாண்டி இறங்கியதும் பின்பக்கம் துள்ளிக் குப்புற விழுந்தது.

சித்திரை முழுக்க அவர் அந்தப் பின்பக்கத்தோடுதான் இருந்தார். கம்பியை ஸ்குரூ டிரைவரில் சுற்றி அவரே ஸ்பிரிங் செய்தார். ஷாக் அப்சர்பரின் மேல்முனையை ஒவ்வோர் ஓட்டையாக மாற்றி மாற்றிப் பூட்டினார். காரை ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பார். "விழுந்தா உக்காரணும். எந்திரிச்சு ஆடப்படாது" என்பார். அது ஆடிக்கொண்டே இருந்தது. ஷாக்குக்குள் ஊற்றும் எண்ணெய் இங்கே கிடைக்காது. மில்லில் நூல் சுற்றும் கதிர்களுக்குப் போடும் எண்ணெய் மெலிது, விளக்கெண்ணெய் கனம். தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பாரும் என்று சொன்னவன் நான். ஊற்றினார். கார் விழுந்தது, உட்கார்ந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்தச் சித்திரையில் அன்று ஒருமுறைதான்.

பந்தயம் மார்கழியில் வந்தது. காலைச் சுற்றில் கார் கட்டை வண்டியாய்க் குதித்துக் கடைசியில் வந்தது. அதன் பிறகு காரைத் தொடக்கூடாது என்பது விதி. எல்லாக் கார்களும் மேசைமேல் வெயிலில் இருந்தன. நான் பக்கத்திலேயே நின்றேன். மதியம் அதே கார் மேடுகளில் வழுக்கிக்கொண்டு போய் முதலாவதாக வந்தது.

ஷாக்கை மாற்றிவிட்டான் என்றார்கள். எண்ணெய் காலையில் உறைந்திருந்தது, வெயிலில் உருகிவிட்டது என்றார் தேவசகாயம். "என்னலே, காருக்குத் தலைசீவிப் பூ வச்சியா?" என்று அன்றைய செயலாளர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் அன்று காலை பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்த்துவிட்டு வந்தவர்கள்தான். என் சாட்சி எடுபடவில்லை. "நாளைக்குக் காலையில வந்து இதையே அமுக்கிப் பாருங்க, மறுபடி இறுகியிருக்கும்" என்றார் அவர். ஒரு ராத்திரி காத்திருக்க அவர்களுக்கு மனமில்லை. நோட்டில் கோடு விழுந்தது.

எண்ணெய் யோசனை யாருடையது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது, "அண்ணாச்சி, செத்த சும்மா இருங்க. ஒருத்தன் பேரு கெட்டா போதும்" என்றார். சும்மா இருந்தேன். அந்தத் தவறு என்னுடையது.

கார் என் வீட்டில் இருக்கிறது. அவர் சுற்றிய ஸ்பிரிங்குகளும் அப்படியே இருக்கின்றன.

அவர் கடைசியில் சம்மதித்தபடி, இனி நடக்க வேண்டியது இது. மார்கழி முதல் ஞாயிறு விடியலில் இப்போதைய செயலாளர் அந்த நோட்டோடு மைதானத்துக்கு வர வேண்டும். அன்று தீர்ப்பெழுதியவர்களில் உயிரோடு இருக்கும் இருவரும் வர வேண்டும். முந்தின நாளே நான் புது எண்ணெய் ஊற்றிக் காரை அங்கே வைப்பேன். விடியலில் அவர்கள் தங்கள் கையால் பின்பக்கத்தை அமுக்கிப் பார்க்க வேண்டும். மதியம்வரை இருந்து மறுபடி அமுக்க வேண்டும். அதன் பிறகு, அந்த இருவரில் அன்று கோடு போட்டவரே தேவசகாயத்தின் பெயரைத் திரும்ப எழுத வேண்டும். அவர் மகள் அதை வாசிக்க வேண்டும். எண்ணெய் என்னுடையது என்று நான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.