அமரர் ஊதுகிறார்

சோதனைச் சாவடி கண்ணில் பட்டதுமே அவர் கை தானாகக் கண்ணாடியை இறக்கிவிடும். இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, எட்டி அந்தப் பக்கத்தையும் இறக்குவார். பிறகு முதுகுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஜன்னல் பக்கமாகத் தலையைச் சாய்த்து, திரும்பாமலே சொல்வார்: "மூச்ச கொஞ்சம் அடக்கிக்கங்கம்மா. என்னைய ஊதச் சொல்லுவாங்க. ரெண்டு நிமிஷந்தான்."

பின்னால் படுத்திருக்கும் அம்மாளிடமிருந்து பதில் வராது. அவர் முந்தைய நாளே காலமானவர்.

இவர் அமரர் ஊர்தி ஓட்டுகிறவர். வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் இரண்டு சொற்களில் முதலாவதை எடுத்து இவருக்கே பட்டமாகச் சூட்டிவிட்டார்கள். "அமரர் டீ குடிக்கப் போயிருக்காரு", "அமரருக்கு ஜுரமாம், இன்னிக்கு லீவு" என்றெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் பேச்சு அடிபடும்போது புதிதாக வந்தவர்கள் மிரண்டு போவார்கள். அவருக்குக் கோபம் வந்ததில்லை. "எல்லாருக்கும் கெடைக்கிற பட்டந்தானே. எனக்குக் கொஞ்சம் முன்கூட்டியே குடுத்துட்டாங்க" என்பார்.

ஒல்லியான மனிதர். கசங்காத சட்டை. ஹாரன் அடிக்கவே மாட்டார், ஏன் என்று கேட்டால், "முழிச்சிக்கிட்டாங்கன்னா யாரு பதில் சொல்றது?" என்று சிரிக்காமல் கேட்பார். வேகத்தடை வந்தால் "மேடு வருது" என்று பின்னால் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவார். உயிரோடு இருப்பவர்களை ஏற்றிச் செல்லும் எத்தனை ஓட்டுநர்களிடம் இந்த மரியாதையை நாம் பார்த்திருக்கிறோம்?

ஒரு காலத்தில் அவர் குடித்தார். கொஞ்சநஞ்சமல்ல. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது, சத்தம் போடாமல் சொன்னாள்: "இன்னொரு தடவ குடிச்சீங்கன்னா பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். தேடி வராதீங்க." அவள் சொன்னால் சொன்னதுதான். அன்றோடு விட்டவர், இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

அப்படிப்பட்டவரைத்தான் ஒரு முற்பகலில் அந்த மெஷின் மாட்டிவிட்டது. கையடக்கமான சின்னப் பெட்டி, முனையில் ஒரு குழல். வண்டியில் உட்கார்ந்தபடியே ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது. "சத்தியமா நான் குடிக்கல சார். பின்னால இருக்கிறவர் வேணும்னா ஊதியிருப்பாரு" என்றார் பதற்றத்தில். அது நகைச்சுவைக்கான இடமில்லை. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ரத்தத்தை எடுத்துப் பார்த்ததில் ஒரு சொட்டு சாராயமும் இல்லை என்று தெரிந்து, லைசென்ஸ் திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி படுக்கையை மகளின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினார். "பேப்பரு சரிதான். ஆனா அந்த மெஷினுக்கு உங்க மேல என்ன பகை?" என்று கேட்டாள்.

பதில் சொன்னது ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் பெண். தூரத்து ஊர்களுக்குப் போகும் உடல்களுக்குக் கெடாமல் இருக்க மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்திலும் ஒருவகைச் சாராயம் கலந்திருக்கிறது. மூடிய வண்டிக்குள் அது காற்றில் பரவுகிறது. "அந்தப் பெட்டி பாவம்ணே, எந்தச் சாராயம், யாரோட மூச்சு, எதுவும் அதுக்குத் தெரியாது. மெஷினுக்கு ஆள் தெரியாது, ஆவிதான் தெரியும்" என்று விளக்கினாள்.

அவள் சொன்ன ஆவி வேறு. அவர் காதில் விழுந்த ஆவி வேறு.

அன்றிலிருந்துதான் இந்தக் கண்ணாடி இறக்கும் பழக்கமும் மூச்சை அடக்கச் சொல்லும் பழக்கமும். கீழே இறங்கி, காற்று வரும் திசையில் போய் நின்று, வாயை அகலத் திறந்து காற்றை வாங்கிக்கொண்ட பிறகுதான் ஊதுவார். அடுத்தடுத்து ஊதியபோது ஒரே மெஷின் வேறு வேறு எண்ணைக் காட்டிய நாளும் உண்டு. அப்போதெல்லாம் சாவடியில் நிற்கும் இளம் போலீஸ்காரர் அதைக் குலுக்கி, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி மறுபடி நீட்டுவார். அது சைபரைக் காட்டும்வரை அமரருக்கு உயிர் இருக்காது. இன்னொரு முறை சிவப்பு எரிந்தால் லைசென்ஸும் போகும், வீடும் போகும்.

சென்ற வாரம் ஒரு பெரியவரின் உடலை வீடு சேர்த்துவிட்டு, மாலை வெயிலில் வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியை அலம்பித் துடைத்தாயிற்று. பஸ் இன்னும் வராமல் நிறுத்தத்தில் மனைவி நின்றிருந்தாள். தையல் கம்பெனி வேலை முடிந்து வருகிறாள். அந்த வண்டியில் அவள் ஏறியதே கிடையாது. அன்று என்ன தோன்றியதோ, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சாவடி வந்தது. பின்னால் யாரும் இல்லாததால் அவரும் எதுவும் சொல்லவில்லை. இறங்கிப் போய்க் காற்றில் நின்று, நிதானமாக ஊதினார்.

சிவப்பு. இதுவரை வந்திராத பெரிய எண்.

"என்னண்ணே இது?" என்றார் போலீஸ்காரர், குரல் இறங்கி. அமரர் வண்டியில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்பதுபோல.

அவள் இறங்கி வந்தாள். "தம்பி, புதுக் குழல் போட்டு அத இப்படிக் குடுங்க."

வாழ்நாளில் சாராயத்தின் வாடையைக் கணவனிடம் தவிர வேறெங்கும் அறியாதவள், மூச்சு முட்ட ஊதினாள். சிவப்பு எரிந்தது. கணவனுடையதைவிடப் பெரிய எண்.

"மெஷின்தான்க்கா பழுது" என்று சிரிக்கப் பார்த்தபடி போலீஸ்காரர் குழலை மாற்றித் தானும் ஊதினார். சைபர். மறுபடி ஊதினார். சைபர்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வண்டியின் பின்பக்கம் போய்க் கண்ணாடி வழியே பார்த்தார். துடைத்த தட்டு, மடித்த விரிப்பு, வேறொன்றும் இல்லை. போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தார். "இத எழுதினா அக்காவையும் சேத்து எழுதணும். கெளம்புங்கண்ணே, சீக்கிரம்."

சிந்திய மருந்து தரை விரிப்புக்கு அடியில் ஊறியிருக்கலாம். வெயிலில் காய்ந்த மெஷின் தன் இஷ்டத்துக்குக் காட்டியிருக்கலாம். லேப் பெண்ணைக் கேட்டால் இன்னும் நாலு காரணம் சொல்வாள்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க குடிக்கலங்க. நாந்தான் இத்தன நாளா நம்பல" என்றாள். அமரருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

அவள் ஏறவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கதவை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். வயதானவர் ஒருவர் மெல்ல இறங்கிப் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு, சத்தமில்லாமல் சாத்தினாள்.