கடலடியில் ஒரு பெரட்டுக்களம்

"ஒங்க ஊருல கடல் உண்டாட்டி?"

மாரீஸ்வரி கேட்ட முதல் கேள்வி அது. இரும்புக் கூண்டுக்குள் இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கூண்டு கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வட்டக் கண்ணாடிக்கு வெளியே பச்சை நீலமாகி, நீலம் கறுத்துக்கொண்டே வந்தது.

"எங்கூர்ல கெணத்துலயே தண்ணியக் காணோமுங்க," என்றாள் கிருத்திகா.

"எந்த ஊரு?"

"கொழிஞ்சாம்பாறைங்க. பாலக்காட்டுக்குக் கெழக்க."

"பெறவு கடலுக்கடியில என்னத்துக்கு வந்த?"

"தண்ணியப் பாக்கலாம்னுதானுங்க."

மாரீஸ்வரி குலுங்கிச் சிரித்தாள். "ஒன் வயசுதான் எனக்கும். மாமியார்கிட்டப் பேசுத மாதிரி பேசாதட்டி."

கிருத்திகா கூச்சத்தோடு தலையாட்டினாள். "உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டாள்.

"லயத்துல பொறந்தவளுக்கு என்ன பயம்? அங்கயும் ஒத்த ரூமு, இங்கயும் ஒத்த ரூமு. சன்னல் வழியாப் பாத்தா அங்க பனி, இங்க தண்ணி. அட்டை மட்டுந்தான் கெடையாது."

"சுறா இருக்குமாம்."

"அட்டைக்கு சுறா மேலு. கடிச்சாத் தெரியும்லா?"

கூண்டு தரையில் மோதி நின்றது. மாரீஸ்வரி சட்டென்று கிருத்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமில்லைன்ன?"

"ஒனக்குப் பயமா இருக்கும்னுதான் பிடிச்சேன்," என்றாள். கையை மட்டும் விடவில்லை.

உடுமலையிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிருத்திகா அந்தப் பேச்சை முன்பின் மாறாமல் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். மறையூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மூணாறில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் சித்திரபுரம். மாரீஸ்வரியின் அம்மா சாந்தம்மாள் அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தாள். ஒட்டினாற்போலக் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசையைத்தான் அங்கே லயம் என்பார்கள்.

சாந்தம்மாள் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள். "அத்தன பிள்ளைகளும் பொழச்சு வந்துட்டாக. எம்மக மட்டும் ஏன் கடைசி ஆளா நின்னா? எனக்கு அதைச் சொல்லு தாயி. நேர்ல வந்து சொல்லு."

பதில் கிருத்திகாவுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதைச் சொல்வதா வேண்டாமா என்று கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறியதிலிருந்து அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

காகிதங்களில் அந்த இடத்துக்குச் சாகரகிராமம் என்று பெயர். அங்கே வேலை செய்த பிள்ளைகள் கடல் லயம் என்றார்கள். கடல் தரையில் ஊன்றிய பெரிய குழாய்கள், அவற்றுக்குள் ஆளுக்கொரு சின்ன அறை, எல்லா அறைகளும் திறக்கும் நடை, நடையின் முடிவில் மூன்று படி இறங்கினால் ஒரு கூடம். வெளியே கயிறு கயிறாகக் கட்டிய கடற்பாசித் தோட்டம். நாள் முழுக்கக் குளிரில் நின்று இலை பறித்த குடும்பங்களின் பிள்ளைகள் இதற்குத் தோதாக இருப்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். வேலைக்கு வந்த பிள்ளைகளில் கிருத்திகாவைத் தவிர எல்லோரும் இடுக்கி மலைக்காரர்கள், தேயிலை, ஏலத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள். மலையாளமும் தமிழும் எழுதப் படிக்கத் தெரிந்ததால் அவளுக்கு அறிவிப்பு வேலை. காலையில் மணி அடித்ததும் எல்லோரும் கூடத்தில் வரிசையாக நிற்பார்கள். அவள் தன் அறையிலிருந்து ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, அன்றைய வேலையைச் சொல்வாள். பெயர் கேட்டவர் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்வார்.

"இது நம்ம பெரட்டுல்லா!" என்று முதல் நாளே சொன்னவள் மாரீஸ்வரி. தோட்டத்தில் விடியற்காலையில் சங்கு ஊதும். ஊதியதும் ஆட்கள் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். வேலை வாங்கும் கங்காணி பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பார். அதுதான் பெரட்டு. பெயர் கூப்பிடுமுன் வரிசையை விட்டு அசைந்தால் அன்றைய வேலை போச்சு. "என்ன, அங்க கங்காணிக்கு மீசை இருக்கும். இங்க கங்காணிக்குக் குரலே வெளிய வரல."

ஆனக்கரையிலிருந்து வந்த பிரதீப் விடுவானா? "ஏலக்காய்க் காட்டுல பூனை கத்துனாலே இதவிடச் சத்தமா இருக்கும்," என்பான். "கங்காணியம்மா, கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க, மீனெல்லாம் தூங்குது!"

கவச உடை மாட்டி முதன்முதலாக வெளியே போன நாளில் மாரீஸ்வரி பாசியைக் கொத்தாக அறுக்கவில்லை. நுனியை மட்டும் இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டிருந்தாள். பொறுப்பாளர் சுவக்கீன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் கடற்கரைக்காரர், எதற்கும் கத்துவார். "இது டீ இல்ல பெண்ணே, முழுசா அறு!" அவள் அறுத்தாள். ஆனால் யாரும் பார்க்காதபோது கிள்ளத்தான் செய்தாள். ஒருநாள் நீரோட்டம் திடீரெனத் திரும்பி, பிரதீப் கயிற்றில் சிக்கி இருட்டுக்குள் இழுபட்டபோது, தன் விளக்கை அணைத்துவிட்டு அவன் விளக்கின் துளி வெளிச்சத்தைத் தேடிப் போய்க் கயிற்றை அறுத்தவளும் அவள்தான். திரும்பி வந்ததும் அவன் அழுதான். "பூனை கத்துத மாதிரி இருக்கு," என்றாள்.

அவளுக்கு ஆசை ஒன்று இருந்தது. தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. அம்மா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மகள் கூடையை எடுக்க வேண்டும். மகள் கூடைக்குப் பதிலாகக் கடலை எடுத்தாள். ஒப்பந்தம் முடிந்தால் அடிமாலிப் பக்கம் சொந்தமாக ஒரு வீடு, வாசலில் ஒரு கொய்யா மரம். இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

கடல் லயத்தில் வேலைக்கு மணி, ஆபத்துக்குச் சங்கு. சங்கு கேட்டால் அறைக்குள்ளேயே இருந்து கதவைச் சாத்த வேண்டும். தண்ணீர் நடைக்கு வந்துவிட்டால் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்க முடியாது. சுவக்கீன் இதை எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். பிள்ளைகளும் தலையாட்டியிருந்தார்கள்.

அன்று விடியுமுன் பாசி கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் குழாய் விரிசல் விட்டது. சங்கு ஊதியது.

தொட்டிலில் கிடந்த நாள் முதல் அந்தச் சத்தத்துக்கு எழுந்த பிள்ளைகள் அவர்கள். மூளை விழிக்குமுன் கால் விழித்துக்கொண்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு, கூடத்துக்கு ஓடி வரிசையில் நின்றார்கள். கொழிஞ்சாம்பாறையில் சங்கு கிடையாது. கிருத்திகா மட்டும் அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தைக் காட்டும் திரையைப் பார்த்தாள்.

"எல்லாரும் ரூமுக்குப் போங்க! சாத்திக்குங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினாள். அதற்குமுன் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. வரிசை அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு ஒலிபெருக்கியில் சுவக்கீனும் மலையாளத்தில் கத்தினார். யாரும் முதல் ஆளாக வரிசையை உடைக்கத் துணியவில்லை. கூடத்துத் தரை மெல்லப் பளபளக்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது தட்டியது. குரலை இறக்கி, தினமும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"பிரதீப். ரூமுக்குப் போ."

"இருக்கேன்," என்றான் பிரதீப். திரும்பி ஓடினான்.

அடுத்த பெயர். அடுத்தது. பெயர் கேட்ட ஒவ்வொருவரும் தூக்கத்திலிருந்து விழித்தவர்கள் மாதிரி உதறிக்கொண்டு ஓடினார்கள். தினமும் கூப்பிட்டுப் பழகிய வரிசை அது. யோசித்துக் கூப்பிடவில்லை, யோசிக்க நேரமும் இல்லை. நாக்கு தானாகவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. கடைசிப் பெயருக்கு வந்தபோது கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

"மாரீஸ்வரி."

திரையில் மாரீஸ்வரி தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள். "இருக்கேன்ட்டி," என்றாள்.

நடைக்குத் திரும்பினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கதவுகள் பூட்டிக்கொண்டுவிட்டன.

சித்திரபுரத்தில் மழை விட்டிருந்தது. லயத்து வாசலில் பாத்திரங்கள் சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்கிவிட்டது. சாந்தம்மாள் கிருத்திகாவை உள்ளே கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்து, கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள்.

"நெறைய இளைச்சுட்ட. போட்டோவுல குண்டா இருந்த."

"இல்லீங்கம்மா. முன்னயும் இப்படித்தானுங்க."

"அவ சொல்லுவா, கொழிஞ்சாம்பாறைக்காரி வாயத் தெறந்தா ஒரு படி நெல்லு கொட்டிரும்னு பயந்துக்கிட்டே பேசுவான்னு." சாந்தம்மாள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "பேசுவாம்மா எம்மக. காலையில போன்ல அவ பேசாம நான் பெரட்டுக்குப் போனதே கெடையாது. சங்கு ஊதிரும். கங்காணி கத்துவாரு. இருக்கட்டும்னு நிப்பேன். ரெண்டு வார்த்த கேட்டாத்தான் எனக்கு மல ஏற முடியும்."

கிருத்திகா சாயா டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள். கரையோடு பேசும் இணைப்பு காலை மணி அடிக்கும் நேரத்தில்தான் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"இப்ப சொல்லு தாயி. எம்மக ஏன் கடைசி?"

கிருத்திகா டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"நாந்தானுங்க பேர் கூப்பிட்டேன். அவ பேர்தான் எப்பவுமே கடைசிங்க."

"ஏன்?"

"அவதானுங்க கேட்டா. கடைசியாக் கூப்பிடச் சொல்லி."

எதற்காக என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் கிருத்திகா பயந்தாள். கேள்வி வரவில்லை. சாந்தம்மாளின் முகத்தில் ஏதோ இளகியது.

"அப்படியா கேட்டா? எம்பேரையும் அப்படித்தான் வச்சிருந்தாக தாயி. அவ கைப்பிள்ளையா இருக்கப்ப. பால் குடுத்துட்டு, பிள்ளையக் கொண்டு ஆயாகிட்ட விட்டுட்டு ஓடி வரணும்லா. கைப்பிள்ளக்காரி பேரக் கடைசியாத்தான் கூப்பிடுவாக. அவளுக்கு அதச் சொல்லிச் சொல்லி வளத்தேன்." புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "எங்கிட்டருந்து எடுத்திருக்கா. எம்புள்ள அதக் கேட்டு வாங்கியிருக்கா."

அழட்டும் என்று கிருத்திகா காத்திருந்தாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. இனி எப்போதும் சொல்லப்போவதில்லை. சாயா ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்து முடித்தாள்.

மூணாறு பஸ்ஸுக்காகப் பாதையில் நின்றபோது, தோட்டத்தில் வேலை முடியும் சங்கு ஊதியது. கூடைகளோடு பெண்கள் இறங்கி வந்தார்கள்.

கடல் லயத்துக்கு வந்த முதல் வாரத்தில், மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால், மாரீஸ்வரி அவள் அறைக் கதவில் தலையை மட்டும் நீட்டியிருந்தாள். ஈரத் தலை, பாதி பின்னிய சடை, வாயில் கவ்விய ரிப்பன்.

"ஏட்டி கங்காணி, ஒனக்குக் கோடிப் புண்ணியம். பெரட்டுல எம்பேரக் கடைசியாக் கூப்பிடுதியா? அம்மாகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டு ஓடி வந்துருதேன்."