ஏழாவது காகிதம்

காரியத்தைத் தள்ளிப்போடுகிறவனைச் சோம்பேறி என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தேன். ஒருநாள்கூடப் பிந்திப் போனதில்லை. நான் தள்ளிப்போட்டதெல்லாம், எல்லாம் சரியாகச் சேரட்டும் என்றுதான். சோம்பேறிக்காவது ஓய்வு கிடைக்கும். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.

என் இளைய மகள் எண்பத்து மூன்று இனக் கலவரத்துக்கு ஐந்து நாள் முந்தித் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பச்சைக் குழந்தையோடு என் மனைவி றப்பர் காட்டுக்குள் இரண்டு நாள் ஒளிந்திருந்தாள். டவுனுக்கு இறங்கிப் பிறப்பைப் பதிய வழியில்லை. நாற்பத்திரண்டு நாள் கெடு போயிற்று. அந்த நாற்பத்திரண்டு நாளுக்குக் கலவரத்தைக் குற்றம் சொல்லலாம். மிச்சப் பதினைந்து வருடத்துக்கு யாரைச் சொல்வது?

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பிறந்த பிள்ளையை ஆபீஸ் புத்தகத்தில் எழுதிவிட்டால் பதிந்தாயிற்று என்று இருந்துவிடுவார்கள். "அது தோட்டத்துப் புத்தகம், அரசாங்கத்தில் தனியாகப் பதிய வேண்டும்" என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. பிந்திய பதிவுக்கு அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நானே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஏதாவது காகிதம் குறைந்தாலும், "போங்க, கேட்டா பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவேன். எல்லாருக்கும் கிடைத்தது. அறுபத்தொன்பதாவது பிள்ளை என் வீட்டில் இருந்தாள்.

அவளுக்காக ஒரு கோப்பு வைத்திருந்தேன். தேவையான காகிதம் ஏழு என்று பட்டியல் போட்டிருந்தேன். ஆறு சேர்ந்துவிட்டது. ஏழாவது, குழந்தையில் போட்ட தடுப்பூசி அட்டை. அதைக் காணவில்லை. என் சொந்தப் பிள்ளையின் காரியத்தில், ஒரு கிளாக்கரிடம் "இது எங்கே?" என்று எவரும் கேட்டுவிடக் கூடாது. ஆகவே தேடினேன். நாலு வருடம் தேடினேன்.

தொண்ணூற்றொன்பது பெப்ரவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. டிசம்பரில் மகளுக்குச் சாதாரண தர அரசாங்கப் பரீட்சை. அடையாள அட்டை இல்லாவிட்டால் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதை ஜூனுக்குள் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும்.

பெல்மதுளைப் பதிவாளர் கந்தோரில் பொதுமக்களைப் பார்ப்பது புதன்கிழமைகளில். கடிதம் வந்த பிறகு ஒன்பது புதன்களை நான் விட்டேன். இரண்டு மழை. ஒன்று சம்பளப் பட்டியல். ஒன்றில் போட்டோ கொப்பி மங்கலாக விழுந்திருந்தது. மிச்ச ஐந்தும் தடுப்பூசி அட்டைக்கு.

"ஊரான் புள்ளைக்கெல்லாம் எழுதிக் குடுத்தீங்க. நம்ம புள்ள மட்டும் இன்னும் பொறக்கவே இல்ல போலிருக்கு" என்றாள் மனைவி.

"ஊசி கார்டு கெடைக்கட்டும்னு பாக்குறேன்."

"அந்தக் கார்டத் தின்ன கறையானுக்குப் பேரப்புள்ளையே பொறந்திருக்கும். நீங்க இன்னும் பாத்துக்கிட்டே இருங்க."

பத்தாவது புதன் காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். மகள் வெள்ளைச் சீருடையில் வந்து நின்றாள். கையில் கோப்பு.

"நான் போறேம்பா. ஏழு பத்து பஸ்."

"எங்க போற? ஆறுதான் இருக்கு!"

"ஆறோட போறேன். ஏழுன்னு நீங்கதானே எழுதி வச்சீங்க?"

இறங்கிப் போய்விட்டாள். கோப்புப் போனால் நானும் போயாக வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவன் நான். சட்டையை மாட்டிக்கொண்டு, பாதி முகத்தில் சோப்போடு ரோட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி ஓடினேன். பஸ்ஸில் ஏறியதும் பின் சீட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக் கங்காணி சிரித்தார்.

"என்னங்கய்யா, மத்தப் பாதி மொகம் வூட்டுல காவலுக்கா?"

எங்கே போகிறோம் என்று மகள் சொன்னாள். மனிதர் விடவில்லை. "எம் மவனுக்கு அய்யாதான் எழுதிக் குடுத்தாரு. ரெண்டே புதன். அய்யா கை ராசியான கையி. அவுக வூட்டுக்குத்தான் ஆகாது போல."

பெல்மதுளை வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கந்தோரில் எங்களுக்கு முன்னால் இருபத்து மூன்று பேர். பதினொன்றே காலுக்கு எங்கள் முறை வந்தது. அங்கிருந்த சிங்களப் பெண் அதிகாரி ஆறு காகிதங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தடுப்பூசி அட்டையைக் கேட்கவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து, "தோட்டத்துப் பிறப்புப் புத்தகத்தின் பிரதி எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்தப் புத்தகம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எந்த நாளும் எழுதிக்கொள்ளலாம் என்பதால் அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அறுபத்தெட்டுப் பேருக்கு எழுதிக் கொடுத்த அதே காகிதம்.

"அதை எழுத வேண்டியவர் யார்?"

"நான்தான், மிஸ்."

ஐயோ ஐயா என்கிற மாதிரி "அனே மாத்தயா!" என்று பேனையைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "சரி புள்ள, வர்ற புதன் வருவோம். சுத்தமா எழுதி, துரைகிட்ட கையெழுத்து வாங்கி..."

"மூணு மணி வரைக்கும் இருப்பாங்களாம். கேட்டுட்டேன். வாங்கப்பா."

திரும்பத் தோட்டத்துக்குப் போனோம். ஆபீசில் புத்தகத்தை எடுத்தேன்; அடிமட்டத்தையும் பென்சிலையும் எடுத்தேன்.

"கோடு வேணாம்பா. எழுதுங்க."

"கோணலாப் போயிரும்."

"போகட்டும்."

எழுதினேன். நாலு நிமிடம். மூன்றாம் வரி கோணல்தான். தோட்ட மேனேஜரான துரை தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றிருந்தார். தராசுத் தட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டார், வாசிக்கவில்லை. இரண்டே முக்காலுக்கு மறுபடி கந்தோர். அந்த அதிகாரி கோணல் வரியைப் பார்க்கவும் இல்லை. முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்.

இந்தக் கணக்கை நான் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். பதினைந்து வருடத்தில் எழுநூற்று எண்பதுக்கு மேல் புதன்கிழமைகள். வேலை நாலு நிமிடம். இப்போது எந்தக் கந்தோருக்கும் கையில் இருப்பதோடு போகிறேன். ஐந்தில் இரண்டு தடவை திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்பட்டும். என்ன குறைகிறது என்று அவர்கள் வாயால் தெரிந்துகொண்டு வருகிறேன். குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்; பட்டியல் போடக் கை இன்னும் ஊறுகிறது.

சான்றிதழ் ஆறாவது வாரம் வந்தது. அடையாள அட்டை பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அந்த ஆறு நாளும் அவள் அதை என் கையில் தரவில்லை. "தொலைச்சிருவீங்க" என்று சொல்லவில்லை. "பத்திரமா வச்சிருவீங்க" என்றாள். முதல் பரீட்சைக் காலையில் பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். பேனை எத்தனை, பென்சில் எத்தனை என்று கேட்டேன். அட்டையை மட்டும் சட்டைப் பைக்குள்ளிருந்து பாதி தூக்கிக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.