தொட்டிலின் அடியில் நாலாவது பேர்

எனக்குப் பேய், பிசாசு, குறி, சாத்திரம் எதிலும் நம்பிக்கை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவில், மொன்றியல் துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறவன் நான். உள்ளே ஆள் நடக்கிற சத்தம் கேட்கிறது என்று மற்ற டிரைவர்மார் தொடப் பயந்த பெட்டியை ஒருமுறை தனியாக இழுத்துக்கொண்டு போனவன். திறந்து பார்த்தால் கட்டு அவிழ்ந்து உருண்டுகொண்டிருந்த பேரீச்சம்பழப் பெட்டிகள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில், பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு, இடையில் மட்டும் சிரிக்காதீர்கள். சிரிக்கிற இடம் வரும், அதை நானே சொல்வேன்.

என் தங்கச்சி வசந்தி இதே மொன்றியலில் அஹுன்ட்சிக் பக்கம் இருக்கிறாள். அவளுக்கு முதல் பிறந்த பெண்பிள்ளை பத்தொன்பதாம் நாள் தவறிப்போனது. பிறக்க முதலே பேர் தெரிந்தெடுத்து, சின்னச் சின்னத் துணிகளில் அந்தப் பேரை நூலால் தைத்து வைத்திருந்தவள் அவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது யாராவது பேர் என்று வாயைத் திறந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுவாள்.

"முப்பத்தொராம் நாள் கழியட்டும் அண்ணை. அதுமட்டும் அது பிள்ளை, அவ்வளவுதான்" என்பாள்.

இந்த ஊரில் ஜூலை முதலாம் திகதி பாதிச் சனம் வீடு மாறும். வேண்டாத சாமான் எல்லாம் தெருவோரத்தில் கிடக்கும். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அப்படி ஒரு தெருவில் அருமையான மரத்தொட்டில் ஒன்றைக் கண்டேன், கம்பிக்குப் பதில் கடைந்த மரக்கால் வைத்த பழைய வேலை. தங்கச்சியின் புருஷன் ரவிக்குத் தளபாடப் பட்டறையில் வார்னிஷ் அடிக்கிற வேலை. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதை எறிஞ்சவனுக்கு விசர்" என்றான். ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அவன் தூக்கிய லட்சணத்துக்கு நான் தெரு முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வசந்தி வாசலிலேயே மறித்துவிட்டாள். பிள்ளை பிறக்க முதல் தொட்டில் வீட்டுக்குள் வரக்கூடாதாம். ஆகவே ரொக்ஸ்பரோவில் என் வீட்டு நிலக்கீழ் அறையில் பழைய போர்வையால் மூடிக் கயிறு போட்டுக் கட்டி வைத்தேன். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த அன்றுதான் கயிற்றை அவிழ்த்தேன். பெண்பிள்ளை. நல்ல தொண்டை.

அடுத்த சிக்கல் கியூபெக் அரசாங்கம். முப்பது நாளுக்குள் பிள்ளையின் பேரை எழுதித் தா என்கிறது அவர்களுடைய படிவம். எங்கள் சனத்துக்கு முப்பத்தோராம் நாள்தான் பிள்ளை பெற்ற துடக்குக் கழிவும் பேர் வைக்கிறதும். ரவி பேனையும் கையுமாக அவள் பின்னாலேயே திரிந்தான். பத்தொன்பதாம் நாள் வந்தபோது வசந்தி பிள்ளையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. முப்பதாம் நாளும் படிவத்தில் பேர் எழுதும் இடம் வெறுமையாகவே கிடந்தது.

முப்பத்தோராம் நாள் காலை ஐயர் வந்து தீர்த்தம் தெளித்தார். பேர் தாரணி என்று ரவி நட்சத்திர எழுத்துப் பார்த்து என்னிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லியிருந்தான். தாய்மாமன் நான்தான் காதில் மூன்றுதரம் சொல்ல வேண்டும். கார் ஓட்டி வந்த வழி முழுக்கத் தாரணி, தாரணி என்று சொல்லிப் பழகினேன். "மூண்டெழுத்து உங்களுக்கு மறக்குமே, என்னப்பா இது" என்று என் மனுசி மாலா பகிடி பண்ணினாள்.

தொட்டிலில் பிள்ளை தீர்த்தம் பட்ட கோபத்தில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. நான் குனிந்தேன். வாயைத் திறந்தேன். "டனூட்டா" என்றேன்.

லொறிக்காரன் தொண்டை, இரகசியமாகச் சொன்னாலும் குசினிவரை கேட்கும். எல்லோருக்கும் கேட்டது.

"என்ன மச்சான் சொன்னனீ?" என்றான் ரவி.

"நீ தந்த பேர்தான்."

"இல்லை, வேறையென்னவோ சொன்னனீ."

மறுபடி குனிந்தேன். தாரணி என்று மனதில் எழுத்துக் கூட்டி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். டனூட்டா. மூன்றாம் தரமும் அதே. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல்லை அதற்கு முன் என் வாய் சொன்னதில்லை, அது ஆளின் பேரா ஊரின் பேரா என்றுகூட எனக்குத் தெரியாது. பிள்ளை மட்டும் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, கூப்பிட்டதற்கு என்ன என்று கேட்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

அப்போது மாலாவின் குரல் எழும்பியது. "ஆரப்பா அந்த டனூட்டா?"

நான் சொன்ன இடம் இதுதான், இப்போது சிரியுங்கள். ஏனென்றால் அப்போது வசந்தி சிரித்தாள். இரண்டு வருடமாகச் சிரிக்காதவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அண்ணியின்ர முகத்தைப் பாருங்கோவன்" என்று கண்ணீர் வரச் சிரித்தாள். வந்த சனம் முழுக்கச் சிரித்தது. ஐயர்கூடச் சால்வையால் வாயை மூடிக்கொண்டார்.

ரவிக்குத்தான் பொறுக்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லி நின்றான். வசந்தி விடவில்லை.

"மூண்டுதரம் சொல்லியாச்சு. அதுதான் பேர். நானும் தேடேல்லை, ஒருத்தரும் தேடேல்லை. எனக்கு அதுதான் வேணும்" என்றாள். தான் தேடி வைத்த பேர் ஒருமுறை என்ன செய்தது என்பது அவள் மனதில். அதற்குமேல் யார் என்ன கதைப்பது? அன்றைக்கே டனூட்டா ரவீந்திரன் என்று எழுதிப் படிவம் தபாலில் போனது.

எனக்கு வீட்டில் மூன்று கிழமை ஆறின சோறு. மாலா ஒரு சொல் கதைக்கவில்லை. துறைமுகத்தில் இரண்டு பேரிடம் விசாரித்தேன், ஒருவன் போலந்துக்காரன், மற்றவன் லிதுவேனியாக்காரன். என் பெரியம்மாவின் பேர் அது, போலந்துப் பேர் என்றான் முதலாமவன். இல்லை, அது தங்கள் பேர், முன்னொரு காலத்தில் லிதுவேனியாவிலிருந்து போலந்துக்குக் கலியாணம் முடித்துப்போன இளவரசியின் பேர் என்றான் மற்றவன். கடவுள் தந்தது என்று அர்த்தமாம், இல்லை, பாட்டு என்று அர்த்தமாம். கோயில் தேர்வடத்தை யார் முதலில் தொடுவது என்று சண்டை பிடிக்கிற மாதிரி இரண்டு பேரும் நின்றார்கள். கடைசியில் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

பிறகொருநாள் தொட்டில் கிறீச்சிடுகிறது என்று மாலாவும் வசந்தியும் அதைச் சரித்து ஆணி முறுக்கியிருக்கிறார்கள். "இஞ்ச ஓடிவாங்கோ!" என்று மாலா கத்தின கத்தலில் நான் தேத்தண்ணீரைக் கொட்டிவிட்டேன். தொட்டிலின் அடிப்பலகையில், தரையைப் பார்க்கிற பக்கம், நாலு வரி. முதலாவது கத்தியால் கீறியது. இரண்டாவது மையால், மூன்றாவது நீலப் பேனையால். நாலாவது பென்சிலால், கோணல்மாணலாக. நாலும் ஒரே பேர், டனூட்டா.

நீங்கள் நினைப்பதைத்தான் ரவியும் சொன்னான். தூக்கும்போது கண்டிருப்பாய், மனதில் கிடந்து வந்திருக்கும் என்றான். சரி, இருக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மாலாவும் ரவியும், எந்த வாசலில் தொட்டில் கிடந்ததோ அந்த வீட்டுக்குப் போனோம். வெளிப்படிக்கட்டில் ஏறிக் கதவைத் தட்டி, வேறென்ன சொல்வதென்று தெரியாமல் "டனூட்டா?" என்றேன். உள்ளிருந்து இரண்டு பெண் குரல்கள் ஒன்றாகப் பிரெஞ்சில் "உய்?" என்றன, ஓம் என்று. மாலா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிசிரியென்று சிரித்தாள். அன்றிரவு எனக்குச் சுடுசோறு.

எழுபது வயதுத் தாயும் அவருடைய மகளும். தாயின் அப்பா போலந்துத் தச்சன், அம்மா லிதுவேனியாக்காரி. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பேர் அது ஒன்றுதானாம். அந்தத் தாய் பிறந்தபோது தகப்பன் தொட்டிலைச் செய்து முதல் வரியைக் கீறினார். பிறகு மகள் பிறந்தபோது ஒரு வரி, பேத்தி பிறந்தபோது ஒரு வரி. பேத்திக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள், தொட்டில் வேண்டாம் என்றுவிட்டாள். அதனால் தெருவில் வைத்தார்களாம்.

"நீங்கள் தூக்கிக்கொண்டு போனதை மேலே இருந்து பார்த்தேன். மற்றவரைத் திட்டிக்கொண்டே போனீர்கள். போய் வா டனூட்டா என்று நான் தொட்டிலுக்குக் கை காட்டினேன்" என்றார் அந்த அம்மா பிரெஞ்சில்.

ரவி துள்ளிக் குதித்தான். "பாத்தியே மச்சான், அது உன்ர காதிலை விழுந்திருக்கு. முடிஞ்சுது கதை!"

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அதோடு முடிந்திருந்தால் இதைச் சொல்லவே வந்திருக்க மாட்டேன். அந்த அம்மாவைக் காரில் கூட்டிவந்து பிள்ளையைக் காட்டினோம். தூக்கி வைத்துக் கொஞ்சினார். தொட்டிலைச் சரித்துப் பலகையைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். மூன்று என்றார். நாலாவது தங்களுடையது இல்லை, தங்கள் வீட்டில் யாரும் இப்படி எழுதுவதில்லை என்றார். ரவி நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. பென்சில் எழுத்துக்கு மேலே வார்னிஷ், பழைய வார்னிஷ், அதாவது எழுத்து அதற்கும் முந்தியது. இது தன் தொழில், இதில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அன்றைக்கும் சொன்னான், இன்றைக்கும் சொல்கிறான்.

பிள்ளை நன்றாக வளர்ந்தாள். ஆனால் வசந்தியின் பயம் போகவில்லை. நித்திரையில் மூச்சு வருகிறதா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள், மூன்று வயதிலும் பார்த்தாள், ஐந்து வயதிலும் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே அழுதாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் கிழமை. பின்னேரம் நான் அங்கே போயிருந்தேன். டனூட்டா குசினி மேசையில் நாக்கைக் கடித்துக்கொண்டு முதன்முதலாகத் தன் பேரைத் தானே பிரெஞ்சு எழுத்தில், DANUTA என்று எழுதினாள். எழுதிக் காட்டினாள். மூன்றாம் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல மறுபக்கம் திரும்பி நின்றது. கடைசி எழுத்துக்கு நடுவில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு.

வசந்தி அந்தத் தாளைப் பார்த்தாள். அறைக்குள் போய்த் தொட்டிலின் அந்தப் பலகையைக் கழற்றி எடுத்துவந்து மேசையில் வைத்தாள். திரும்பி நிற்கிற அதே எழுத்து. அதே இரண்டு கோடு. கடைசியில் பென்சில் வழுக்கின அந்தச் சின்ன வால்கூட அதே.

வசந்தி தரையில் குந்திவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

"அண்ணை, நான் அஞ்சு வருசமா சும்மா பயந்திருக்கிறன். இவள் எழுத்துப் பழகுமட்டும் இருப்பன் எண்டு முதலே எழுதிப்போட்டெல்லே வந்திருக்கிறாள்!"

அன்றைக்கு இரவு அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கவில்லை என்று ரவி சொன்னான். விடியும்வரை நித்திரை கொண்டாளாம்.

ஒன்று மட்டும் மிச்சம். அன்று பின்னேரமே நான் மருமகளைக் கேட்டேன், "ஏனம்மா கடைசி எழுத்துக்கு ரெண்டு கோடு?" அவள் தலை நிமிராமல் "எஷெல், மாமா" என்றாள். ஏணிக்குப் பிரெஞ்சுச் சொல் அது.

"ஏணி எதுக்கு?"

"ஏறி வாறதுக்கு."

எங்கிருந்து ஏறி என்று நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.