எல்லோருக்கும் வரும் எச்சரிக்கை

என் மகளுக்கு மனநோய் என்று அவளுடைய கைப்பேசியே கண்டுபிடித்துவிட்டதாகப் பல்லடத்திலிருக்கும் என் அண்ணன் குடும்பம் நம்பியது. நாங்கள் வாழும் அமெரிக்க மாநிலத்தில், சமூக ஊடகத்தைத் திறக்கும் இளையோருக்கு 'இது உங்கள் மனநலத்தைப் பாதிக்கக்கூடும்' என்று திரையில் காட்டியாக வேண்டும் என்பது புதிய சட்டம். பதினைந்து வயது நித்யா அதைப் படமெடுத்து, வேடிக்கையாகத் தன் அத்தைக்கு, அதாவது என் அண்ணிக்கு, அனுப்பிவிட்டாள். ஊரில் எவர் திரையிலும் அப்படியொரு வாசகம் வருவதில்லை. அது அவளுக்கென்றே வந்தது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள்.

அண்ணி நேராகக் கேட்கவில்லை. முதலில் கோழித் தீவனத்தின் விலை, பிறகு மழை, அதன் பிறகுதான், "ஏனுங்க அம்மணி, புள்ள நல்லாச் சாப்புடறாளுங்களா?" என்றார்.

"சாப்பிடறா, அண்ணி."

"தூங்கறாளுங்களா? எங்ககிட்ட மறச்சுப்போடாதீங்க. உங்கண்ணன் பண்ணைப்பக்கமே போகலீங்க."

நான் சிரித்துவிட்டுச் சட்டத்தை விளக்கினேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்றேன். அண்ணி விடவில்லை. "எல்லாப் புள்ளைகளுக்கும் வருதுன்னா, நம்ம புள்ளைக்கும் வருதுதானுங்களே?"

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள் நான். தறி ஓடும்வரை அது எங்கள் காதில் விழாது, கரண்ட் போய் நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்போம். திரையில் வரும் வாசகமும் இங்கே எங்களுக்கு அப்படியாகிவிட்டிருந்தது. பள்ளியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் முன்பே அதைப் பற்றிக் கேட்டிருந்தேன். "கவலை வேண்டாம், எல்லோருக்கும் வரும்" என்று புன்னகைத்தார். அவர் சொன்னது எச்சரிக்கையைப் பற்றி. நான் அதை என் மகளைப் பற்றியதாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பியிருந்தேன்.

அண்ணி மட்டும் நிம்மதியடையவில்லை. அன்றாடம் வீடியோவில் அழைத்து, முட்டை அடுக்கிக்கொண்டே நித்யாவிடம் ஊர்க்கதை பேசினார். ஒருநாள் சமையலறையில் நின்றிருந்த என் காதில் விழுந்தது:

"லஞ்ச் டைம்ல நான் பாத்ரூம்ல உக்காந்துதான் சாப்பிடறேன், அத்தே. எல்லாரும் சேந்து போட்டோ போடறாங்க. என்னை யாரும் கூப்பிடறதில்ல."

"அங்க உக்காந்தாச் சோறு எறங்குமா, கண்ணு? வெளிய வந்து உக்காந்து என்னயக் கூப்புடு."

"அப்ப உங்களுக்கு ராத்திரி, அத்தே."

"கோழி தூங்கட்டும். நானு முழிச்சிருக்கறேன்."

மறுநாளே கவுன்சிலரைப் பார்த்தேன். இம்முறை எச்சரிக்கையைப் பற்றிக் கேட்காமல் நித்யாவைப் பற்றிப் பேசினேன். இப்போது அவள் வாரந்தோறும் அவரைச் சந்திக்கிறாள். சட்டத்தை அறிந்த நான் அந்த வாசகத்தைச் சரியாகப் படித்தேனா, அறியாத அண்ணி படித்தாரா என்பது இன்னமும் எனக்குத் தெளிவாகவில்லை.

மதியத்தில் நித்யா பள்ளி முற்றத்துப் பெஞ்சில் டிபன் பாக்ஸைத் திறந்து கைப்பேசியை எடுக்கிறாள். எச்சரிக்கை வருகிறது, விரலால் அதைத் தள்ளுகிறாள், அதற்குப் பின்னால் பல்லடத்தில் கொட்டாவி விட்டபடி அத்தை இருக்கிறார். பள்ளியிலிருந்து பத்து நிமிடத் தொலைவில், அவள் இருக்கும் அதே ஊரில், நான் இருக்கிறேன். அந்தப் பெஞ்சில் அவளோடு இருப்பது அத்தைதான்.