வேன் கதவு ரப்பரும் ஒரு மச்சான் சண்டையும்

அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘ஏன் அக்கா’ என்பார்கள். பிறந்ததும் அழாமல் “ஏன்?” என்றுதான் கேட்டிருப்பாள் என்பது அவள் கணவரின் உறுதியான நம்பிக்கை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து, வெளுத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் தொழில். சலவைக் கூடம் அவள் பொறுப்பு. பழைய வேன் அவர் பொறுப்பு. அதைப் பொறுப்பு என்பதைவிடக் காதல் என்பதே சரி.

அந்த வேனின் பின்கதவு ரப்பர்தான் குடும்பத்தில் தீ மூட்டியது. புதிதாக மாற்றிய ரப்பர் அடுத்த மழைக்கே பல்லிளித்தது. அடுக்கி வைத்த விரிப்பெல்லாம் நனைந்து, மறுபடி வெளுக்க வேண்டியதாயிற்று. மீண்டும் மாற்றினார், மீண்டும் அதே கதை. இரண்டையும் விற்றவன் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவளுடைய சொந்தத் தம்பி.

“உன் தம்பி வித்தது ரப்பரா, களிமண்ணா? கையில பிசுபிசுன்னு ஒட்டுது” என்றார் கணவர்.

“மாமா கை பட்டா இரும்பே இத்துப்போகும்கா. ரப்பர் எம்மாத்திரம்?” என்றான் தம்பி.

கணவர் வேறொரு விளக்கமும் வைத்திருந்தார். “நம்ம வண்டி மேல எவனோ கண்ணு வச்சுட்டான்.”

“இந்தத் துருப்பிடிச்ச தகரத்து மேலயா? அப்ப அவனுக்குத்தான் கண்ணுல கோளாறு” என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. “இனிமே வேற கடையில வாங்கிக்கறேன். உன் தம்பி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். நாலு முழ ரப்பருக்காக அவனைக் கைகழுவ அவளால் முடியாது. கணவர் சொன்னார் என்பதற்காகத் தம்பியைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது. தம்பி என்பதற்காக அவனைப் புனிதன் ஆக்கவும் முடியாது. குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டால் பிறகு காரணத்தை யாரும் தேடுவதில்லை. உலகத்தின் பாதி அநியாயம் இந்தச் சோம்பலில்தான் நடக்கிறது. அவள் தேடினாள்.

விடுமுறைக் காலையில் கணவர் கந்தல் துணியும் கழிவு எண்ணெயுமாகப் பின்கதவருகே உட்கார்ந்திருந்தார். பிள்ளைக்குத் தைலம் தேய்ப்பதுபோல் அத்தனை பரிவாக ரப்பரைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு இது?”

“எண்ணெய் வச்சா மெத்துன்னு இருக்கும். எல்லா டிரைவரும் செய்யறதுதான்.”

“அவங்க வண்டியெல்லாம் ஒழுகுதா?”

அவர் சற்று யோசித்தார். “ஒழுகத்தான் செய்யுது.”

அங்கிருந்து நேரே தம்பி கடைக்குப் போனாள். வாசலில் கதவு ரப்பர்கள் வளையம் வளையமாக சுள்ளென்ற வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தன.

“ஏண்டா, இதை உள்ள வைக்க மாட்டியா?”

“வெளிய தொங்கினாத்தானக்கா ஆள் நின்னு பார்ப்பான்.”

“எப்பத்துலேருந்து தொங்குது?”

“போன... இல்ல, அதுக்கு முந்தின...” என்று தலையைச் சொறிந்தான்.

வாசலில் தொங்கியதில் இரண்டு துண்டும், உள்ளறையில் பிரிக்காமல் கிடந்த அதே கம்பெனி ரப்பர்க் கட்டிலிருந்து ஒரு துண்டும் வெட்டி வாங்கினாள். எந்த வார்டு விரிப்பு என்று தெரிவதற்காக ஓரத்தில் கலர் நூல் கட்டுவது சலவைக் கூடத்து வழக்கம். அதே நூலை ரப்பர்களிலும் கட்டினாள். சிவப்பு நூல் கட்டிய வாசல் துண்டுக்கு மட்டும் கணவரின் எண்ணெய் வைத்தியம். பச்சை நூல் கட்டிய வாசல் துண்டுக்கு ஒன்றுமில்லை. உள்ளறைத் துண்டுக்கு மஞ்சள் நூல். மூன்றையும் துணி கிளிப் போட்டு வீட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினாள். அவர் எட்டிப் பார்த்து, “வீட்டுல ரப்பருக்கு ஆஸ்பத்திரி திறந்தாச்சு” என்றார்.

வாரங்கள் போயின. ஒருநாள் தம்பியை வரச்சொன்னாள். அவன் வாசப்படி மிதிக்காமல் ஜன்னலுக்கு வெளியே நின்றான். கணவர் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். துண்டுகளை ஒவ்வொன்றாக இருவரிடமும் கொடுத்து மடக்கச் சொன்னாள். சிவப்பு நூல் துண்டு ஊதிப்போய், கணவரின் விரலோடு பசையாய் வந்தது. பச்சை நூல் துண்டு தம்பி மடக்கியதும் வாய் பிளந்தது. மஞ்சள் நூல் துண்டு மட்டும் மடங்கி, விட்டதும் நிமிர்ந்துகொண்டது.

“வெயில்ல காய வச்சுப் பாதி உசுரை எடுத்தது இவன். மிச்சத்தை எண்ணெய் ஊத்தி எடுத்தது நீங்க. இதுல எவன் கண்ணு வச்சான்?”

 பிறகு தம்பி கடைக்குப் போய், வாசலில் தொங்கியதையெல்லாம் இறக்கிப்போட்டுவிட்டு, உள்ளறைக் கட்டிலிருந்து ஒரு முழு ரப்பரோடு திரும்பி வந்தான். கணவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள். வேன் பக்கமிருந்து பேச்சு கேட்டது.

“மச்சான், சின்ன வயசுல இவகூட எப்படிடா காலம் தள்ளின?”

“நான் எங்க தள்ளினேன் மாமா? உங்க தலையில தள்ளிவிட்டுத்தானே தப்பிச்சேன்.”

“நீங்க பேசறது இங்க கேக்குது!” என்று கத்தினாள்.

“கேக்கட்டும்னுதான் பேசறோம்!”

இரண்டு குரலும் ஒன்றாகவே வந்தன.