டம்ளருக்கு எத்தனை கிராம்?

கொல்லிமலைக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது குளிரோ, கொண்டை ஊசி வளைவுகளோ அல்ல. இந்தச் சமையலறையில் கிராம் என்ற சொல்லே புழங்காததுதான். சாமை எவ்வளவு போட்டாய் என்று கேட்டால், என் கொழுந்தனின் மனைவி செல்வி, "ரெண்டு டம்ளருங்க்கா" என்பாள். எனக்கு அந்தப் பதில் போதாது. மலேசியாவில், கிள்ளானில் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பிடுவதை எடைபோட்டு, அதற்கேற்ப இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறேன். அம்மாவின் சமையல் மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே எடை மிஷின் இருக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இங்கே அதை ஒளித்து வைத்திருந்தேன். "எங்கம்மாவுக்கு நோய் விஷயம் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கணவர் கிள்ளானுக்கு வேலைக்குத் திரும்பினார். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் அத்தை எழுந்து நடக்கும்வரை நான் குண்டனி நாடு என்னும் இந்த மலையூரில், கணவர் வீட்டில்; அவர் கிள்ளானில், என் அம்மா வீட்டில். ஒருநாள் நான் சோற்றை எடைபோடுவதைச் செல்வி பார்த்துவிட்டாள். "ஏனுங்க்கா, நாங்க கம்மியாப் போடறோம்னு நெனச்சுட்டீங்களா?" என்றாள். "இல்லை, பழக்கம்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அதன்பிறகு என் தட்டில் குவித்து வைக்கத் தொடங்கினாள்.

விடாமல் மழை பெய்த வாரத்தில் வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. எடை மிஷினும் ஈரத்தில் கெட்டது. கீழே இறங்க வழியில்லை. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அன்று காலை செல்வி எனக்கென்று ஒரு டம்ளர் கேழ்வரகு மாவில் புட்டு அவித்தாள். ஒரு டம்ளர் அரிசியின் எடை எனக்கு மனப்பாடம். அதே கணக்கை மாவுக்கும் போட்டு ஊசி குத்திக்கொண்டேன். சலித்த மாவு அத்தனை கனக்காது, மருந்து கூடிப்போய் ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது என்பது, விரல்கள் நடுங்கி, முதுகெல்லாம் வியர்த்தபோதுதான் உறைத்தது. "சர்க்கரை..." என்றேன். "காப்பிக்குப் பத்தலீங்களா?" என்று திரும்பிய செல்வி, நான் சரிவதைக் கண்டு ஓடிவந்து தாங்கினாள். "கரைச்சுக் குடு" என்றதும் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள்.

நடுக்கம் நின்றதும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "எம்மேல சந்தேகம்னு இத்தன நாளும் மனசு வெந்துட்டிருந்தனுங்க்கா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கடைக்குப் போய் அரைக்கிலோ மாவும் அரைக்கிலோ சாமையும் வாங்கி வந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து டம்ளரால் அளந்தோம். சலித்த மாவு கிட்டத்தட்ட ஐந்து டம்ளர் வந்தது. சாமை மூன்றுகூட நிறையவில்லை. அரைக்கிலோவை டம்ளர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு டம்ளரின் எடை கிடைத்துவிடும். உள்ளறையிலிருந்து அத்தை, "என்ன கண்ணு பண்றீங்க?" என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்கத்தை, மாவு அளக்கறோம்" என்றாள்.

சாயங்காலம் கிள்ளானிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டார். "ஊருக்கு வர டிக்கெட் போட்டியா?" என்றார். அவருக்குப் பின்னாலிருந்து என் கணவர், "ஊர்ல மழ உட்டுருச்சா?" என்று கேட்டார். இரண்டு ஊருக்கும் சேர்த்து, "இன்னும் இல்லை" என்றேன்.